சனிக்கிழமை சாக்கரும் கோட்டுக்கு வெளியே நிற்கும் நாமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் சாக்கர் (அதாவது கால்பந்து) லீகில் என் பிள்ளைகள் இருவரும் ஆடினார்கள். மூன்று வருடம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நடுவரைப் பார்த்துக் கத்தியவன்தான் நானும். நடுவர் பற்றாக்குறை என்று கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, "அவ்வளவு தெரியும்னா நீங்களே போய் ஊதுங்களேன்" என்றாள் மனைவி. ரோஷம் வந்து போய்ச் சேர்ந்தேன். இப்போது ஏழாவது வருடமாக விசில் என் கழுத்தில். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப்பிலும் மைதானத்திலும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்க லீக்குகளை மனத்தில் வைத்து எழுதியது. விதிகள் பெரும்பாலும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

என் பையனுடைய ஆட்டத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நடுவராக வந்தாள். இதெல்லாம் அனுமதிக்கிறார்களா?

அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் 13 வயதானால் அடிமட்ட நடுவராகப் பதிவு செய்துகொள்ளலாம். இங்கிலாந்தில் 14. இணையத்தில் பாடம், தேர்வு, அப்புறம் ஒரு நாள் மைதானப் பயிற்சி, அவ்வளவுதான். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளின் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான் வருவார்கள். வேறு ஆள் கிடையாது.

தப்பு செய்வார்களா? செய்வார்கள். உங்கள் பையன் எப்படி ஆடக் கற்றுக்கொள்கிறானோ அப்படித்தான் அவளும் ஊதக் கற்றுக்கொள்கிறாள். அவன் காலியான கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தால் "பரவாயில்லப்பா" என்கிறோம். அவள் தாக்கும் அணிக்கு மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கொடுக்காமல், தடுக்கும் அணிக்குக் கோல் கிக் கொடுத்துவிட்டால் மட்டும் குடி முழுகிப்போகிறது.

ஒரு நவம்பர் காலை. ஒன்பது வயதுக்குக் கீழானோர் ஆட்டம். புதிய நடுவர்களுக்குத் துணையாக நான் ஓரத்தில் நின்றிருந்தேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஊதிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்ன அதே தப்புதான்: கார்னர் கொடுக்க வேண்டியதற்குக் கோல் கிக். ஒரு தகப்பனார் நாற்காலியை விட்டு எழுந்து, அவள் எந்தப் பக்கம் ஓடினாலும் கோட்டை ஒட்டி அவரும் கூடவே நடந்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. "பார்த்தியா? இப்ப பார்த்தியா? இதையாவது பார்த்தியா?" என்று பாதி ஆட்டம் முழுக்க. இடைவேளையில் அவள் ஸ்கோரை எழுதப் பேனாவை எடுத்தாள். கை நடுங்கி, அட்டை கீழே விழுந்தது. "அங்கிள், செகண்ட் ஹாஃப் நீங்க ஊதுறீங்களா?" என்று கேட்டாள். அந்தத் தகப்பனாரிடம் போய்ப் பேசி உட்கார வைத்தேன். மிச்சத்தையும் அவளே ஊதினாள், நன்றாகவே ஊதினாள். அடுத்த வசந்த காலத்துப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

ஆனால் கண்ணெதிரே தப்பான தீர்ப்பு. சொல்லக்கூடாதா?

முதலில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கோட்டுக்கு வெளியே, பெரும்பாலும் நாற்காலியில். ஆஃப்சைடா (பந்தையும் எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி அவர்கள் கோலுக்கு அருகே நிற்பது) இல்லையா என்று பார்க்க, கடைசியிலிருந்து இரண்டாவது தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். பத்தடி தள்ளி நின்றாலே கோணம் ஏமாற்றும். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோட்டு நடுவர்களும் கிடையாது. ஒருவரேதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதியே நடுவரைப் பற்றியதுதான். கோலா இல்லையா என்பது உட்பட ஆட்டத்தில் நடந்தவை குறித்து அவர் தீர்ப்பே முடிவு. தப்பு என்று அவருக்கே தெரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் அவராலேயே மாற்ற முடியாது. ஐந்து நிமிடம் கழித்தும் நீங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அடுத்து நடப்பதையும் அவர் தவற விடுவார்.

பெற்றோர் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளும் விதிகள் எவை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிக் கூச்சல் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

"ஹேண்ட்பால்!" என்ற சத்தம் ஆட்டத்துக்கு ஆறு முறையாவது கேட்கும். பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்றே தொட்டிருக்க வேண்டும், அல்லது கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே வந்த பந்தைக் கண்டு ஒரு ஏழு வயதுப் பிள்ளை கையை மடக்கி மறைத்துக்கொண்டால், என் விசில் ஊதாது. தாக்கும் அணியின் பிள்ளை கையில் பட்டு நேராகக் கோலுக்குள் போனால் மட்டும் கதை வேறு: தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் கிடையாது.

ஆஃப்சைடு. ஆஃப்சைடு இடத்தில் நிற்பதே குற்றமல்ல. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பார்க்க வேண்டிய கணம், சக ஆட்டக்காரர் பந்தை உதைத்த கணம். பந்து போய்ச் சேர்ந்த கணமல்ல. தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு ஆஃப்சைடு இல்லை. த்ரோ-இன் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவது), கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கும் இல்லை. த்ரோ-இன் நடக்கும்போது ஆஃப்சைடு கேட்கும் அப்பாக்களின் எண்ணிக்கை எனக்கு இன்றும் ஆச்சரியம்.

"பந்தைத்தானே முதலில் தொட்டான்!" பந்தைத் தொட்டுவிட்டு, அதே வேகத்தில் எதிராளியின் காலை வாரினாலும் ஃபவுல்தான்.

பந்து கோட்டின் மேல் இருந்தால் உள்ளே என்று கணக்கு. முழுப் பந்தும் கோட்டை முழுசாகத் தாண்ட வேண்டும், தரையிலும் சரி, காற்றிலும் சரி.

ஃபவுலைப் பார்த்தும் நடுவர் ஊதாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டினால் அவர் தூங்கவில்லை. அடிபட்ட அணியிடமே பந்து இருக்கிறது, ஆடட்டும் என்று விடுகிறார். அதற்கு அட்வான்டேஜ் என்று பெயர்.

அப்புறம் வயதுக்கேற்ற விதிகள். அமெரிக்காவில் 8 வயதுக்குக் கீழே நாலுக்கு நாலு பேர். கோல்கீப்பரும் கிடையாது, ஆஃப்சைடும் கிடையாது. 10 வயது வரை ஏழுக்கு ஏழு, 12 வரை ஒன்பதுக்கு ஒன்பது, அதற்கு மேல்தான் பதினொன்று. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக்கூடாது என்று அமெரிக்க சாக்கர் ஃபெடரேஷன் 2015இல் அறிவித்தது. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத உதை. தொலைக்காட்சியில் பிரீமியர் லீக் பார்த்துவிட்டு வந்து இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு நடுவர் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்து ஊதுகிறார் என்றே தோன்றும்.

நாங்கள் தமிழில்தானே பேசிக்கொள்கிறோம். யாருக்குப் புரியப்போகிறது?

எனக்குப் புரியும். ஒரு முறை பத்து வயதுக்குக் கீழானோர் ஆட்டத்தில், என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார். இடைவேளையில் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனேன். "கண்ணாடி போட்டிருக்கேன் சார், ஓரளவு தெரியுது" என்றேன். பாவம், மனிதர் முகம் போன போக்கு! ஆட்டம் முடிந்ததும் டப்பாவில் முறுக்கோடு வந்தார். இப்போது நல்ல நண்பர்.

நடுவர் தமிழர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமே. நடுவரைப் பற்றி நீங்கள் சொன்னதை அவன் மைதானத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்வான், மஞ்சள் அட்டை அவனுக்குத்தான் கிடைக்கும். சென்ற பருவத்தில் இதை இரண்டு முறை பார்த்தேன்.

உற்சாகப்படுத்துவதும் தப்பா?

யார் சொன்னது? கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூவுங்கள், எதிரணிப் பிள்ளை அருமையாக ஒரு கோல் போட்டால் அதற்கும் தட்டுங்கள். சிக்கல் "ஷூட்! பாஸ் பண்ணு! பின்னாடி போ!" என்பதில் இருக்கிறது. கோச் ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து தாத்தா ஒன்று. காலில் பந்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கிறது பாருங்கள், அந்த நொடியில் பந்து பறிபோகிறது.

இதற்காகவே அமெரிக்க லீக்குகள் பலவற்றில் பருவத்துக்கு ஒரு முறை மௌனச் சனிக்கிழமை வைக்கிறார்கள். அன்று பெற்றோர் வாய் திறக்கக்கூடாது. சில இடங்களில் வாயை அடைக்க லாலிபாப்பே கொடுப்பார்கள். எங்கள் ஊரில் முதல் தடவை வைத்தபோது நானும் கேலி செய்தேன். அன்றுதான் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது: "லெஃப்ட்ல நான் இருக்கேன்", "டைம் இருக்கு, திரும்பு". அதுவரை அவர்கள் பேசுவார்கள் என்றே எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய ரெஸ்பெக்ட் திட்டத்தில், பார்வையாளர்கள் கோட்டிலிருந்து தள்ளி ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். கயிறு யாரையும் தடுக்காதுதான். ஆனால் தாண்ட வேண்டுமானால் குனிய வேண்டும், குனிவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பது என் அனுமானம்.

நடுவர் பெற்றோருக்குச் சிவப்பு அட்டை காட்டலாமா?

முடியாது. அட்டை ஆட்டக்காரர்களுக்கும் அணி நிர்வாகத்துக்கும் மட்டும்தான். கோச்சுகளுக்கும் அட்டை காட்டலாம் என்பது 2019இல் வந்த மாற்றம். டக்-அவுட்டில் (கோச்சும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் இடம்) கத்தியது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் தலைமைக் கோச் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் எல்லோரையும் உட்காரச் சொல்லி கோச்சே கத்துகிறார்.

பெற்றோர் விஷயத்தில் நடுவர் படிப்படியாகப் போவார். முதலில் கோச் மூலமாக அமைதியாகக் கேட்பார். அடுத்து, நிறுத்தச் சொல்லி எச்சரிப்பார். மூன்றாவது, அந்த நபர் மைதானத்தை விட்டுப் போகும் வரை ஆட்டம் நடக்காது. போக மறுத்தால் ஆட்டத்தையே கைவிட்டு அறிக்கை எழுதிவிடுவார். ஒரு பெரியவருடைய வீம்பினால் இரண்டு அணிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்று விசில் என்னிடம்தான் இருந்தது. எனக்கும் அது கசப்பான நாள்.

2025 முதல் புதிய விதி என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க சாக்கர் ஃபெடரேஷன் 2025 மார்ச் 1 முதல் நடுவர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை கொண்டுவந்தது. அதற்கு முன் மாநிலத்துக்கு ஒன்று, லீகுக்கு ஒன்று என்று தண்டனை இருந்தது. இப்போது வாயால் செய்யும் குற்றம், கையால் செய்யும் குற்றம் என்று வகை பிரித்து, குறைந்தபட்சத் தண்டனையையும் வரையறுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர், கோச், பார்வையாளர் எல்லோருக்கும் பொருந்தும். நடுவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் தண்டனை இன்னும் கடுமை. கை வைத்தால் ஆயுள் தடை வரை போகலாம்.

கொஞ்சம் சத்தம் போட்டதற்கு இவ்வளவு கெடுபிடியா?

2012 டிசம்பர் 2. நெதர்லாந்தின் அல்மீரே நகரில் ஒரு சிறுவர் ஆட்டம். ரிச்சர்ட் நியூவென்ஹாய்சென், 41 வயது, மகன் ஆடும் அணிக்காகத் தன்னார்வக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். பதின்வயதுப் பையன்கள் ஆறு பேரும் அவர்களில் ஒருவனுடைய தகப்பனாரும் தண்டிக்கப்பட்டார்கள். தகப்பனாருக்கு ஆறு வருடச் சிறை. அடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்காவில் யூட்டா மாநிலம் டெய்லர்ஸ்வில்லில் ரிகார்டோ போர்ட்டில்லோ என்ற நடுவர் 17 வயதுப் பையனுக்கு மஞ்சள் அட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவன் விட்ட ஒரே குத்து. ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து 2013 மே 4இல் இறந்தார்.

நம் ஊர்ச் சனிக்கிழமைக்கும் இதற்கும் ரொம்ப தூரம், எனக்கும் தெரியும். ஆனால் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள்.

நடுவர் கவனிக்காமல் என் குழந்தைக்கு அடி மேல் அடி விழுந்தால்? அப்போதும் சும்மா இருக்கவா?

இல்லை. இது தீர்ப்பு விஷயமில்லை, பாதுகாப்பு விஷயம். கோச்சிடம் போய், "ஏழாம் நம்பர் மூன்று முறை பின்னாலிருந்து தள்ளிவிட்டது, ரெஃப்பிடம் சொல்லுங்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஆட்டம் நிற்கும் நேரத்தில் கோச் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான நடுவர்கள் காது கொடுப்பார்கள். நான் கொடுப்பேன், பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் நடந்ததைத் தவற விட்டிருக்கிறேன். தேவைப்பட்டால் உங்கள் பிள்ளையை வெளியே எடுத்துவிடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பிள்ளை கீழே விழுந்தால் நடுவர் கை காட்டும் வரை உள்ளே ஓடாதீர்கள். தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் அதற்கு முடிந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பிள்ளை அழுதாலும் சரி. மருத்துவர் பார்க்கட்டும்.

புகார் எப்படிக் கொடுப்பது?

ஒரு நாள் பொறுத்து, அணி மேலாளர் மூலமாக லீகுக்கு எழுதுங்கள். நேரம், இடம், நடந்தது. நடுவரின் பெயரை ஃபேஸ்புக்கில் போடுவது புகார் அல்ல.

எங்கள் கோச்சே நடுவரைத் திட்டுகிறாரே?

நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, ஆட்டம் இல்லாத நாளில் அவரிடம் பேசுங்கள். தனியாக ஒருவர் போனால், "உங்க பையனை ஆட விடலைன்னு கோபமா?" என்று திருப்பிவிடுவார். கேட்கவில்லை என்றால் கிளப் நிர்வாகம்.

பெரிய ஆட்டக்காரர்களே நடுவரைச் சூழ்ந்து கத்துகிறார்கள். பிள்ளைகளிடம் மட்டும் எப்படி எதிர்பார்ப்பது?

நியாயமான கேள்வி. பாவ்லோ டி கானியோ என்ற இத்தாலிய ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் இங்கிலாந்தில் சிவப்பு அட்டை காட்டிய நடுவரைப் பிடித்துத் தள்ளினார்; 11 ஆட்டத் தடை. அதே மனிதர் 2000 டிசம்பரில் எவர்டனுக்கு எதிராக ஆடும்போது, எதிரணிக் கோல்கீப்பர் அடிபட்டு விழுந்து கிடக்க, பக்கவாட்டிலிருந்து தனக்கு வந்த பந்தைக் கோல் அடிக்காமல் கையில் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எவர்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்கு ஃபிஃபா நேர்மை விருதும் கொடுத்தது. என் பையனுக்கு இரண்டு கதையையும் சேர்த்தேதான் சொன்னேன். ஒன்றை மட்டும் சொன்னால் நம்ப மாட்டான், வயது அப்படி.

மேலே கொஞ்சம் மாறியும் வருகிறது. ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ போட்டியில் அணித்தலைவர் மட்டும்தான் நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று வைத்தார்கள். மற்றவர்கள் நெருங்கினால் மஞ்சள் அட்டை. போர்ச்சுகலில் நல்ல நடத்தைக்கென்றே வெள்ளை அட்டை உண்டு. 2023 ஜனவரியில் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் பெண்கள் அணிகள் மோதிய ஆட்டத்தில், கூட்டத்தில் மயங்கிய ஒருவருக்கு உதவ ஓடிய மருத்துவக் குழுவினருக்கு நடுவர் அதைக் காட்டினார்.

எங்கள் அணி 9–0 என்று முன்னால் போய்விட்டது. பிள்ளைகளை நிறுத்தச் சொல்வது சரியா?

கோல் அடிக்காதே என்று சொல்வது எதிரணிக்கு அதைவிட அவமானம். "இனி அஞ்சு பாஸ் குடுத்துட்டுத்தான் அடிக்கணும்!" என்று கோச் ஊருக்கே கேட்கும்படி கத்துவதும் அப்படித்தான். விவரம் தெரிந்த கோச்சுகள் சத்தமில்லாமல் செய்வார்கள்: முன்னால் ஆடுபவரைப் பின்னால் போடுவது, கோல்கீப்பரை முன்னால் ஆட விடுவது, இதுவரை கோலே அடிக்காத பிள்ளைக்கு வாய்ப்பு. எதிரணியில் ஆள் குறைந்தால் தன் அணியிலிருந்து ஒருவரை வெளியே எடுத்துக்கொள்ளும் கோச்சையும் பார்த்திருக்கிறேன்.

தோற்றுவிட்டு வந்த பிள்ளையிடம் காரில் என்ன பேசுவது?

"பசிக்குதா?"

நடுவரைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவனே ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆமாம், அந்தாள்தான் காரணம்" என்று ஒத்து ஊதிவிட்டால், அடுத்த வாரமும் அவனுக்குக் காரணம் தயாராக இருக்கும்.

என் மகள் நடுவராக ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

தாராளமாக. அவளைவிட மூன்று நான்கு வயது சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தொடங்கட்டும். தம்பி ஆடும் ஆட்டம் வேண்டாம். கிளப்பில் மூத்த நடுவர் யாராவது முதல் சில ஆட்டங்களுக்கு ஓரத்தில் நிற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். இது இல்லாத கிளப்புகளில் புதுப் பிள்ளைகள் நிலைப்பதில்லை என்பது நான் கண்டது. நீங்கள் போவதானால் தூரத்தில் நில்லுங்கள். யாராவது அவளைத் திட்டினால் நீங்கள் பாய்ந்துவிடக்கூடாது, அது அவளுக்கு இன்னும் கஷ்டம்.

வீட்டில் கொல்லைப்புறத்தில் விசில் ஊதிப் பழகட்டும். முதலில் எல்லாப் பிள்ளைகளும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்ல ஊதுவார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் பெற்றோர் எகிறுவார்கள். பலமாக ஒரு முறை, கையை நேராக நீட்டி, அவ்வளவுதான். பையில் மஞ்சள் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலுறை, டாஸுக்கு ஒரு நாணயம், இரண்டு பேனா, உள்ளே உருண்டை இல்லாத விசில் இரண்டு. நவம்பர் குளிரில் ஒன்று உறைந்துபோனாலும் இன்னொன்று இருக்கும்.